தங்கமான ஆப்

என் வீட்டுக்காரரை எனக்குப் பார்த்துக் கொடுத்தவர் கல்யாணத் தரகர் சிங்காரவேலு. அதனால் அவரைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் பெயர் ஜெயசுதா. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே கம்ப்யூட்டரில்தான் பிறக்கின்றன. சிங்காரவேலு தினமும் கடைக்கு வருகிறவர். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் பயோடேட்டாக்களை என்னிடம்தான் டைப் செய்யக் கொடுப்பார். நான் அடிக்க அடிக்கப் பக்கத்தில் நின்று உயரத்தைக் கூட்டுவார், வயதைக் குறைப்பார். நிறத்தைப் பொறுத்தவரை அவர் வரன் பார்க்கும் இரண்டு மாவட்டங்களிலும் கறுப்பாக யாரும் பிறந்ததே இல்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு மாப்பிள்ளைதான். அவன் பெயர் தங்கமான பையன். பெரம்பலூரிலும் அரியலூரிலும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அவனைத்தான் பல பெயர்களில் அனுப்பிவைத்திருக்கிறார். அவர் வாயிலிருந்து வரும் மற்ற வார்த்தைகளுக்குத் தனி அகராதி வேண்டும். "சொந்தமா தொழில் பண்றான்" என்றால் வேலை இல்லை. "அம்மா மேல உசுரு" என்றால் தனிக்குடித்தனத்தை மறந்துவிட வேண்டும். எனக்குப் பார்த்த செந்தில்குமாரைப் பற்றி, "அதிர்ந்து பேச மாட்டான்மா" என்றார். உண்மைதான். அதிராமலும் பேச மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதை எல்லாம் டைப் செய்தால் ஒரு தாளில் முக்கால் பக்கம் வரும். அதிலும் பாதி "ம்".

எங்கள் வீட்டில் விசாரிக்காமலா கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். விசாரித்தார்கள். எங்கள் பக்கம் விசாரிப்பு என்பது சடங்கு மாதிரி. பெண் வீட்டிலிருந்து இரண்டு பேர் பைக்கில் மாப்பிள்ளை ஊருக்குப் போவார்கள். ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து, ஏதோ வயல் விலைக்கு வருகிறதா என்று பார்க்க வந்தவர்கள் போலப் பேச்சுக் கொடுத்து, மெதுவாக "இன்னார் மகன் எப்படிங்க?" என்று கேட்பார்கள். டீக்கடைக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. என் அப்பாவும் தாய்மாமனும் பாடாலூரில் மாயவன் டீக்கடையில் போய்க் கேட்டார்கள். மாயவன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "தங்கமான பையங்க, அதிர்ந்து பேச மாட்டான்" என்றாராம். தரகர் சொன்ன அதே வார்த்தை. என் அப்பாவுக்கு அதைவிடச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மாயவன் சிங்காரவேலுவின் ஆள் என்பது எனக்கு இரண்டு பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது. பாடாலூருக்கு மாயவன், சிறுவாச்சூர் கோயில் பக்கம் பூக்கடை பாப்பாத்தி, இன்னும் அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வழிநெடுக ஆட்கள். யார் எங்கே போய் விசாரித்தாலும் சிங்காரவேலுவின் குரல்தான் வேறு வேறு தொண்டையிலிருந்து வரும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ரகசியம் காப்பாற்றும் ஆப் ஒன்று தேவைப்பட்டது.

காரணம் அவருடைய விரல்தான். வேப்பந்தட்டை மாப்பிள்ளை ஒருவனைப் பற்றி மாயவனுக்கு அனுப்ப வேண்டிய வாய்ஸ் மெசேஜை மாப்பிள்ளை வீட்டு வாட்ஸப் குழுவுக்கே அனுப்பிவிட்டார். "மண்டையில இருக்கறது சொந்த முடி இல்ல, காத்தடிக்கற பக்கம் நிக்க வைக்காத" என்ற அவருடைய தொழில் அறிவுரையை மாப்பிள்ளையின் தாய்மாமன் வரைக்கும் கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. விரலைக் குறை சொல்ல மனம் வராமல் வாட்ஸப்பைக் குறை சொன்னார்.

ஆனால் உண்மையான பயம் வேறு. அவருடைய மகள் வினோதினிக்கு வரன் வந்திருந்தது. வினோதினி அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை பரணிதரனும் அரியலூர்தான், சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். தாய் கிருஷ்ணம்மாள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது, போனிலும் பேசிக்கொள்கிறார்கள். எல்லாம் சரி. ஒரே ஒரு விஷயம்தான். வினோதினிக்கு முன்பே ஒரு நிச்சயதார்த்தம் நடந்து நின்றுபோயிருந்தது. சிங்காரவேலுவின் சொந்த ஊரான பாடாலூரில், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, நடந்த நிச்சயம். மாப்பிள்ளைப் பையன் வேறொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இதில் வினோதினி மேல் என்ன தப்பு என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் நிச்சயம் நின்ற பெண்களின் ஜாதகங்களைப் பல வருஷமாகத் தன் தோள்பைக்குள் அடியில் தள்ளியவர் சிங்காரவேலுதான். அந்தப் பைக்கு இப்போது சொந்த மகளின் ஜாதகம் வந்துவிட்டது. மனைவி தவறிய பிறகு அவராகத் தலைபின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய பெண். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர் மேல் பரிதாபம்தான் வந்தது. எழுதித்தான் ஆக வேண்டும்.

"அரியலூர்லேருந்து விசாரிக்க ஆளு வரும்மா. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல சொல்லணும். வெளிய கசியாத ஆப்பா ஒண்ணு பாத்துக் குடு" என்றார்.

கம்ப்யூட்டரில் தேடினேன். ரகசியமாகப் பேச எந்த ஆப் நல்லது என்று அறிவுரை சொல்வதற்கென்றே உலகத்தில் இத்தனை வெப்சைட் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வரிசையாகத் திறந்தேன். எல்லாரும் ஒரே ஆப்பைத்தான் முதலிடத்தில் வைத்திருந்தார்கள். பெயர் குவையட்டோ. பூட்டுப் படம், கேடயப் படம், ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். "எங்கள் நிபுணர்கள் பல வாரம் சோதித்துப் பார்த்தார்கள்" என்று எல்லா வெப்சைட்டும் சொன்னது. நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, சிங்காரவேலு முகம் மலர்ந்துகொண்டே போனது.

"பத்து எடத்துல விசாரிச்சாச்சு. பத்து எடத்துலயும் ஒரே வார்த்தை. இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

"அந்த ஒரே வார்த்தைதான் மாமா எனக்கு இடிக்குது. எழுத்துப் பிழைகூட ஒண்ணு மாதிரியே இருக்கு."

"உண்மைன்னா எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க."

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். இந்த இணைப்பு வழியாக நீங்கள் ஆப்பை இறக்கினால் எங்களுக்குச் சிறு கமிஷன் கிடைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"மாமா, இவங்க கமிஷன் வாங்கிக்கிட்டுச் சொல்றாங்க."

நான் நினைத்தது அவர் யோசிப்பார் என்று. அவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "கமிஷன் வாங்குறவன்தான்மா பொறுப்பாச் சொல்லுவான். சும்மா சொல்றவனுக்கு என்ன அக்கறை?" என்றார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

பதினோராவதாக ஒரு வெப்சைட் திறந்தது. படம் இல்லை, நட்சத்திரம் இல்லை, அழுது வடிந்தது. யாரோ தனி ஆள், கமிஷன் எதுவும் வாங்குவதில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதியிருந்தார். எல்லாருக்கும் பொருத்தமான ஆப் என்று ஒன்று கிடையாது, எதை மறைக்க வேண்டும், யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதை முதலில் யோசியுங்கள் என்றார். குவையட்டோவைப் பற்றியும் இருந்தது. போனில் உள்ள எல்லா நம்பரையும் கேட்கும், கொடுத்துவிடாதீர்கள் என்று. அதையும் படித்துக் காட்டினேன்.

சிங்காரவேலு சிரித்தார். "டீக்கடையில விசாரிக்கறப்ப இப்படி ஒருத்தன் வருவான்மா. எல்லாரும் நல்லபடியாச் சொல்ல, இவன் மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுக் குறை சொல்லுவான். என்னன்னு பாத்தா பங்காளியா இருப்பான், வரப்புத் தகராறு இருக்கும். இவன் அந்த ஆப்புக்காரனுக்குப் பங்காளியா இருக்கும். மூடு அதை."

ஊர் ஊராகப் பொய்ச்சாட்சி வைத்திருந்த மனிதர் பொய்ச்சாட்சியை அடையாளம் தெரியாமல் நம்பினார். உண்மையைச் சொன்ன ஒரே ஆளைப் பங்காளி என்றார். எனக்கு அன்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

குவையட்டோவை அவரே போட்டுக்கொண்டார். கொய்யாட்டோ என்றுதான் அவர் வாயில் வந்தது. ஆப் தமிழிலும் பேசியது. மைக்கைத் தொடலாமா என்றது, சரி என்றார். தொடர்புகளைப் பார்க்கலாமா என்றது, சரி என்றார். 'விசாரிப்பு' என்று பெயர் வைத்து ஒரு குழு தொடங்கி, மாயவனுக்கும் பாப்பாத்திக்கும் சேர்த்து ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினார். "அரியலூர்லேருந்து ஆளு வரும். வினோதினிக்கு நிச்சயம் நின்ன விசயத்தை யாரும் மூச்சு விடக் கூடாது. கேட்டா, தங்கமான பொண்ணு, குனிஞ்ச தலை நிமிராதுன்னு சொல்லுங்க." பிறகு ஆப், எல்லாரையும் அழைக்கலாமா என்றது. எல்லாரும் என்றால் அந்தக் குழுவில் எல்லாரும் என்று நினைத்து அதற்கும் சரி என்றார். எதைக் கேட்டாலும் சரி என்பதுதானே அவர் பிழைப்பு.

ஆப் அவருடைய போனில் இருந்த அத்தனை பேருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பியது. அனுப்பியதும் தப்பில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பியது. அவர் போனில் எந்தப் பெயரில் வைத்திருந்தாரோ அந்தப் பெயரைச் சொல்லி.

தரகர் போனில் சும்மா கோவிந்தராஜ் என்று வைத்தால் எந்தக் கோவிந்தராஜ் என்று தெரியுமா? அதனால் பெயரோடு ஒரு அடையாளமும் சேர்த்து வைத்திருந்தார். குன்னத்தில் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு, "வணக்கம் குன்னம் ரெண்டாந்தாரம் கஞ்சம், சிங்காரவேலு உங்களுடன் ரகசியமாகப் பேச விரும்புகிறார்" என்று போனது. ஜெயங்கொண்டத்தில் ஒரு வாத்தியாருக்கு, "வணக்கம் வாத்தியார் தண்ணி" என்று போனது. அவர் தண்ணீர் மட்டுமே குடிக்கிறவர் என்று அவருடைய மனைவி அதுவரை நம்பியிருந்தார். செய்தியின் அடியில் நீலத்தில் ஒரு இணைப்பு. தொட்டால் நேராக 'விசாரிப்பு' குழுவுக்குள் போகும். ஆப் இல்லாதவர்களும் கேட்கலாம். அது ஒரு வசதி என்று பத்து வெப்சைட்டும் பாராட்டியிருந்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தபோது எனக்கும் வந்தது. "வணக்கம் சுதா டிடிபி சொன்னா நம்பும்."

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். என் கல்யாணத்தைப் பற்றி யாரும் அவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை. அடுப்பில் இருந்த பாலைக் கவனிக்கவில்லை, அது பொங்கி வழிந்தது. என் வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு "ம்" என்றார்.

மறுநாள் சிங்காரவேலு என் கடைக்குள் ஓடி வந்து, பேப்பர் கட்டு அடுக்கியிருக்கும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். வீட்டு வாசலில் ஆள் நிற்கிறதாம். போனை அணைத்து வைத்திருந்தார். ரெண்டாந்தாரம் வந்து திட்டிவிட்டுப் போனதாம், அதெல்லாம் பரவாயில்லை, தொழிலில் திட்டு வாங்காத நாள் உண்டா. "கிருஷ்ணம்மாளுக்கும் போயிருக்கும்மா" என்றார். "என் கையாலயே என் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டேன். அவ அம்மா இருந்தா என்னை வூட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டா."

திட்ட வேண்டும் என்று நேற்றிலிருந்து நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் வெளியே வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கடை வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். நல்ல உயரம், பருத்திச் சேலை, தோளில் பெரிய பை. அரியலூர் பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்தவர் என்பது முகத்தில் தெரிந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொன்னா நம்பும்ங்கிறது நீங்கதானா?"

அழைப்பு போன எல்லார் பெயரும் குழுவில் அப்படித்தான் தெரிந்ததாம். நான் வாயைத் திறப்பதற்குள், "நான் வாய் ஜாஸ்தி" என்று அவரே அறிமுகப்படுத்திக்கொண்டார். "அரியலூர் பையன் அம்மா வாய் ஜாஸ்தி. கிருஷ்ணம்மாள்."

திரைக்குப் பின்னால் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. நான் சத்தமாக நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்கம்மா."

"விசாரிக்கத்தான் வந்தேன். டீக்கடைக்கெல்லாம் போகல. அங்க என்ன சொல்லுவாங்கன்னு தரகரே பேசி அனுப்பிட்டாரே, அதைக் கேட்டுட்டேன். அவர் பாத்துக் குடுத்த மாப்பிள்ளையைக் கட்டிக்கிட்டு இருக்கறவங்க யாராச்சும் சொன்னாத் தேவலன்னு தோணுச்சு. உங்க பேரைப் பாத்தேன், பஸ் ஸ்டாண்டுல கேட்டா உங்க கல்யாணமும் அவர் பாத்ததுதான்னாங்க. இவங்க உண்மையச் சொல்லுவாங்கன்னு பட்டுது."

"அந்த நிச்சயம் நின்னதுல வினோதினி மேல ஒரு தப்பும் இல்லங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது எங்களுக்கு எப்பவோ தெரியும். அந்தப் பொண்ணு என் மவன்கிட்ட மொத தடவ பேசினப்பவே சொல்லிருச்சு. இப்படி ஆச்சு, பிடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்கன்னு. அதனாலதான் எனக்கு அவளைப் பிடிச்சுது. இப்ப எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அப்பன் இப்படி இருக்காரே, பொண்ணு யாரு மாதிரி?"

சொல்ல வேண்டிய வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. தங்கமான பொண்ணு. வினோதினிக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை தமிழில் இல்லை. ஆனால் அதை நான் எப்படிச் சொல்வது? சிங்காரவேலு அந்த வார்த்தையை ஊர் முழுக்கக் கொடுத்துக் கொடுத்து, சொந்த மகளுக்கு என்று வரும்போது அதில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் திரையைக் கிழித்துக்கொண்டு போய் அவரை ஒரு அறை விட்டிருப்பேன்.

அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "கோவம் வந்தா ரெண்டு நாளு பேசாதுங்க. சமையல் சுமார். இட்லி சரியா வராது, கல்லு மாதிரி இருக்கும். அவங்கப்பா பயோடேட்டாவுல உயரத்தை ரெண்டு இஞ்ச் கூட்டிப் போடச் சொல்லிட்டுப் போனாரு. சாயங்காலம் அது பஸ்ஸ விட்டு எறங்கி வந்து, அக்கா, நான் இவ்ளோதான், கொறச்சுப் போடுங்கன்னு பக்கத்துலயே நின்னு மாத்தி வாங்கிட்டுப் போச்சு."

கிருஷ்ணம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொறை சொல்றீங்களே. உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதாச்சும் தகராறா?"

"அவங்கப்பாவோட உண்டு. பொண்ணோட இல்ல."

"அப்பச் சரி" என்று எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார். அங்கே கிடந்த ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, எனக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"சம்பந்திய வெளிய வந்து காத்தாட உக்காரச் சொல்லுங்க. வர்ற மாசம் நிச்சயத்துக்கு நாள் பாக்கணும். ஆனா இந்தக் கல்யாணத்துல அவரு பொண்ணோட அப்பா மட்டும்தான். தரகர் வேலை எதுவும் வேணாம்."

அவர் போன பிறகும் சிங்காரவேலு உடனே வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. சட்டை முழுவதும் டீ.

"எம் பொண்ணே சொல்லிட்டாளாமே. நான் யார்கிட்டேருந்து எதை மறைச்சேன்?"

பதினோராவது வெப்சைட்டுக்காரர் கேட்ட அதே கேள்வி. அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. பட்டவரிடம் போய்ப் பாடம் நடத்த எனக்குப் பிடிக்காது. வேறொன்றைத்தான் கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரைப் பத்தி அன்னைக்கு அவ்ளோ சொன்னீங்களே மாமா. அவர்கிட்ட ஒரு தடவையாச்சும் பேசிப் பாத்தீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "பேசினதே இல்லம்மா. மாயவன் சொன்னான், தங்கமான பையன், அதிர்ந்து பேச மாட்டான்னு. நம்பிச் சொன்னேன்."

"மாயவனுக்கு அப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான?"

"அது இப்பத்தாம்மா எனக்கே ஒறைக்குது."

இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன சண்டை போடுவது? இன்னொரு டீ சொன்னேன்.

நிச்சயதார்த்தம் சிறுவாச்சூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பூக்கடை பாப்பாத்தி வந்து மாலையைக் கொடுத்துவிட்டு, தரகருக்கு என்ன ஆயிற்று, ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார் என்று என்னிடம் கேட்டாள். என் வீட்டுக்காரர் பந்தியில் பரணிதரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தடவை இருவரும் சிரித்ததைப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை எனக்கு அந்தத் தரகர் சொன்னதே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் சிங்காரவேலு போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கொய்யாட்டோவை எடுத்துவிட்டிருந்தார். "மாப்பிள்ளை நம்பரைப் போட்டுக் குடும்மா" என்றார். நம்பரை அடித்தேன். பரணிதரன் என்று பெயரையும் அடித்தேன். பழக்கத்தில் விரல் நின்றது.

"பேருக்குப் பின்னாடி என்ன போட மாமா?"

பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பரணிதரன் தண்ணீர் செம்பைத் தூக்கிக்கொண்டு வினோதினி பின்னால் போய்க்கொண்டிருந்தான். எத்தனையோ தகப்பன்களிடம் எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசிய வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது.

"ஒண்ணும் வேணாம்மா. எனக்கு இன்னும் தெரியல" என்றார்.

பெயரை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.